மீட்டர் காட்டும் பூஜ்யம்

முழுதாகச் சார்ஜ் ஆன ஒரு லித்தியம் அயான் செல் தருவது 4.2 வோல்ட். அதைக் கையில் பிடித்தாலும் ஷாக் அடிக்காது. அப்படிப்பட்ட 96 செல்களைத் தொடராகக் கோத்தால் 403 வோல்ட் ஆகிவிடும். மின்சாரக் கார்கள் பலவற்றின் பேட்டரி பேக் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கிறது. சில கார்களில் 800 வோல்ட்டைத் தொடுகிறது. டிசி மின்சாரம் 60 வோல்ட்டைத் தாண்டினாலே உயர் மின்னழுத்தம் என்பது வாகனத் துறையின் கணக்கு. அந்த மின்னழுத்தம் செல்லும் கேபிள்கள் ஆரஞ்சு நிறத்தில் இருப்பது இதனால்தான்.

வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைக் கடக்கிறது. இணைப்பைப் பிரிக்கும்போது எழும் பொறி அணைய அது இடம் கொடுக்கும். டிசியில் அந்த இடைவெளி கிடையாது. பற்றிய பொறி உலோகத்தை உருக்கியபடி நீடிக்கும்.

பேக்கின் உள்ளே கன்டாக்டர் எனப்படும் பெரிய ரிலேக்கள் உள்ளன. வண்டியை அணைத்ததும் அவை விலகிக்கொள்வதால் வெளிமுனைகளில் மின்னழுத்தம் இருக்கக் கூடாது. ஆனால் கன்டாக்டர் ஒட்டிக்கொண்டு விலகாமல் போவதுண்டு. இன்வெர்ட்டரில் உள்ள கெபாசிட்டரிலும் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். ஆகவே பேக்கின் மின்சுற்றைக் கையால் துண்டிக்க உதவும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகு, தயாரிப்பாளர் சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது 5 முதல் 10 நிமிடம்.

அதன்பிறகு வெளிமுனைகளில் மின்னழுத்தம் இல்லை என்பதை அளந்து உறுதிசெய்ய, 1000 வோல்ட், கேட் 3 (CAT III) என்ற பாதுகாப்புத் தரம் குறித்த மல்டிமீட்டர் தேவை. சிவப்பு வயரை ஆம்பியர் துளையில் செருகியிருந்தால் மீட்டரே ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். தொடங்கும் முன் அதைப் பார்த்துக்கொள்வது முக்கியம். கைக்கு 1000 வோல்ட் தாங்கும் கிளாஸ் 0 ரப்பர் கையுறை, அதன்மேல் தோல் கையுறை. ரப்பர் கையுறையின் வாய்ப்பக்கத்தைச் சுருட்டிக் காற்றை அடைத்து அழுத்தினால், ஊசித்துளை இருந்தாலும் காற்று கசிந்து காட்டிக்கொடுக்கும். மோதிரமும் கைக்கடிகாரமும் முன்பே கழற்றப்பட வேண்டியவை.

அளவிடுதல் மூன்று படிகளில் நடக்கிறது. முதலில், மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில், உதாரணமாகக் காரின் 12 வோல்ட் பேட்டரியில், மீட்டரைச் சோதிக்க வேண்டும். அடுத்து பேக்கின் இரு முனைகளுக்கு இடையிலும், ஒவ்வொரு முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையிலும் அளக்க வேண்டும். கடைசியாக மீண்டும் 12 வோல்ட் பேட்டரியில் சோதனை. நடுவில் மீட்டர் வயர் அறுந்திருந்தாலும் திரையில் பூஜ்யம் தெரியக்கூடும். மூன்றாவது படி அந்தப் பொய்யைப் பிடித்துவிடும்.

மூன்றும் சரியாக இருந்தாலும், அந்தப் பூஜ்யம் வெளிமுனைக்கு மட்டுமே பொருந்தும். நடுவில் சர்வீஸ் பிளக் உள்ள 403 வோல்ட் பேக்கில், பிளக்கைக் கழற்றினால் செல் வரிசை இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பாதியிலும் ஏறக்குறைய 200 வோல்ட் அப்படியே நிற்கும். செல்களை அணைக்கும் சுவிட்ச் என்று ஒன்று கிடையாது.