கரிசல் நிலத்துச் சரளைப் பாதையைச் சீர்செய்தல்

திருவேங்கடம் வட்டாரத்துக் கரிசலின் இயல்பை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோடையில் கை நுழையுமளவு வெடித்துக் கிடக்கும் மண், ஐப்பசி அடைமழையில் ஊறிப் பருத்துக் களியாகிவிடுகிறது. பருத்திக்கு உகந்த இக்குணமே பாதைக்குப் பகை. மேலே பரப்பிய சரளை, பாரவண்டிகளின் சக்கரத்தடியில் களிக்குள் அமிழ்ந்துபோக, இருபுறமும் வரப்புப்போல் மேடும் நடுவே வாய்க்கால்போல் தடமும் விழுகின்றன. பறித்த பூ வாடுமுன் சந்தை சேருவதும், நெசவாளர் வீட்டுக்கு நூல்மூட்டை நனையாமல் வந்து சேருவதும் இத்தகைய வழிகளை நம்பியே.

மழை ஓய்ந்ததும் ஒரு லாரிச் சரளையைத் தடத்தில் கொட்டி நிரவிவிடுவது பலவிடங்களில் வழக்கம். இது பணத்தைச் சேற்றில் இடுவதேயாகும். தடத்தின் அடி சக்கரம் ஏறி ஏறி இறுகியிருக்கிறது. அதன்மேல் கொட்டிய புதுச்சரளை அதனோடு ஒட்டுவதில்லை. தேங்கும் நீர் இடையிலே புகுந்து, அடுத்த மழையிலேயே அதைக் கிளப்பிவிடும்.

ஆகவே முதலில் பாதையின் மேற்பரப்பு முழுவதையும், தடத்தின் அடிமட்டம் வரையில், டிராக்டரில் பூட்டிய கொழுக்கலப்பையால் கிளற வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: கொழு சரளையைக் கடந்து கரிசலைத் தொடலாகாது. கரிசல் கலந்த சரளை மழையில் வழுக்கும் சேறாகிவிடும். தடத்தில் பிதுங்கி நிற்கும் கறுப்பு மண்ணை மண்வெட்டியால் வாரி அப்புறப்படுத்திவிட்டு, அவ்விடத்தில் நல்ல சரளை இடுக. நல்ல சரளையாவது கல்லும் மணலும் மட்டுமன்று. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பிடிப்பு மண்ணும் கலந்திருத்தல் வேண்டும். ஈரமாக்கிக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்பதே அதற்கு அடையாளம்.

அடுத்து, டிராக்டரின் பின்புறம் மாட்டும் பிளேடைச் சாய்வாகத் திருப்பி, ஓரத்தில் ஒதுங்கிய சரளையை நடுவுக்குக் கொணர வேண்டும். 12 அடி அகலமுள்ள பாதையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 3 அங்குலம் உயர்ந்திருத்தல் நலம். குறுக்கே கயிறு பிடித்து, ரசமட்டம் வைத்துப் பார்ப்பது எளிது. ஓரத்து வரப்பை வெட்டாமல் விட்டால் நடுவின் உயரம் வீணே. நீர் வடிகாலுக்குச் செல்ல வழியின்றிப் பாதையிலேயே ஓடும். பின்னர் நீர் தெளித்து, ஓரத்திலிருந்து நடு நோக்கி உருளை ஓட்டுக. 6 அங்குலம் பரப்பியது ஏறத்தாழ நாலரை அங்குலமாக இறுகும். ஆவணி, புரட்டாசித் தூறலில் மண் ஈரமாயிருக்கையில் இவ்வேலையைச் செய்தால் தண்ணீர் லாரிச் செலவும் மிச்சம்.

பெரிய இயந்திரம் இல்லையே என்று மலைக்க வேண்டாம். அமெரிக்காவின் மிசௌரியில் டி. வார்ட் கிங் என்ற உழவர், 1890களில், பிளந்த மரத்துண்டு இரண்டை இணைத்துக் குதிரைகள் பூட்டி, மழைக்குப் பின் மண்பாதையில் இழுத்தே அதைச் செம்மையாக்கினார். 1908ஆம் ஆண்டில் அந்நாட்டு வேளாண்மைத் துறை இம்முறையைத் தனி வெளியீடாகவே அச்சிட்டது.

நெசவாளருக்கு உவப்பான செய்தியும் ஒன்றுண்டு. 1926ஆம் ஆண்டில் தென் கரோலினாவில் மண்தளத்தின்மேல் கனத்த பருத்தித் துணியை விரித்து, அதன்மீது சூடான தாரும் மணலும் இட்டுச் சாலை அமைத்துப் பார்த்தார்கள், வெடிப்புகள் குறைந்தன. பருத்தி மண்ணில் விரைவில் மக்கிவிடும். தேங்காய் நார் அத்துணை விரைவில் மக்காது. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் கயிற்று விரிப்புகளைப் பயன்படுத்த 2020ஆம் ஆண்டில் மத்திய அரசு இசைவளித்தபோது, தமிழ்நாட்டுக்கு 369 கிலோமீட்டர் குறிக்கப்பட்டது. கரிசலுக்கும் சரளைக்கும் இடையே இவ்விரிப்பு இருப்பின், ஒன்று மற்றொன்றில் அமிழ்வது குறையும். மிகவும் தாழ்ந்த இடங்களிலேனும் இதை விரிப்பது தகும்.

கிராமப் பாதைகளைப் பராமரிப்பது, 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊராட்சியின் கடமை. ஆதலின் அதன் இசைவின்றிச் சங்கம் மண்வெட்டியைத் தொடலாகாது. இசைவு கிடைத்தபின், வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கிடைக்கும் இயந்திரங்களை விசாரித்துக்கொள்க. செலவைத் தலைக்கு இவ்வளவென்று பிரிப்பதினும், பாதையின் கடைக்கோடியில் நிலமுள்ளவர் சற்றுக் கூடுதலாகத் தருவதே நியாயமென்று நாம் எண்ணுகிறோம்; பாதை முழுவதையும் பயன்படுத்துபவர் அவரே.

வேலை முடிந்த முதல் மழைக்குப் பின், ஈரம் வடியும் வரை பாரவண்டிகளை நிறுத்திவைத்து, சரளை சற்று உலர்ந்ததும் பிளேடை ஒருமுறை லேசாக இழுத்துவிடுக.