18 நாள் கூலி பாக்கி

எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் டெய்ர் எல் மெதினா என்ற சிற்றூரின் இடிபாடுகள் இருக்கின்றன. மதிலுக்குள் ஏறத்தாழ 70 வீடுகள். மன்னர்களின் பள்ளத்தாக்கில் பாறையைக் குடைந்து கல்லறை அமைத்தவர்கள் குடியிருந்த ஊர் அது. மன்னரோடு புதைத்த பொன்னைப் பார்க்க உலகமே வரிசையில் நிற்கிறது. கல்லறையைக் குடைந்தவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதே எனக்குப் பெரிய கேள்வி. அதற்கான விடை ஊர்க்குப்பையில் கிடைத்தது.

1922 முதல் 1951 வரை பிரெஞ்சு ஆய்வாளர் பெர்னார் ப்ருயேர் இங்கே அகழாய்வு நடத்தினார். ஊருக்கு வெளியே சுமார் 50 மீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளம். தண்ணீருக்காக வெட்டி, பிறகு குப்பை கொட்டிய பள்ளம் அது என்று கருதுகிறார்கள். மசியால் எழுதிய சுண்ணாம்புக்கல் சில்லுகளும் பானை ஓடுகளும் ஆயிரக்கணக்கில் அதிலிருந்து வெளிவந்தன.

அவை சொல்லும் கணக்கு இது. தொழிலாளியின் மாதக் கூலி 4 கர் கோதுமை, 1½ கர் பார்லி. ஒரு கர் சுமார் 77 லிட்டர். ஆக மாதம் 423 லிட்டர், நாளுக்கு 14 லிட்டர் தானியம். கோதுமை ரொட்டிக்கு, பார்லி பியருக்கு. மேஸ்திரிக்கு 7½ கர். நாணயம் இல்லாத காலம். விலையைச் செம்பின் எடையில் சொன்னார்கள். ஒரு தெபென் என்பது 91 கிராம் செம்பு. ஒரு கர் தானியம் 2 தெபென் விற்ற நாளில் மாதக் கூலி 11 தெபென், அதாவது ஒரு கிலோ செம்பு. செருப்பு ஒரு ஜோடி 2 தெபென் என்றால் ஐந்தரை நாள் கூலி. 30 தெபெனுக்கு ஒரு கழுதை வாங்க ஏறக்குறைய மூன்று மாதக் கூலி வேண்டும், அதுவும் ஒரு மணி கூடச் சாப்பிடாமல்!

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. மன்னர் இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சியாண்டில் இந்த ஊர்த் தொழிலாளர்களின் வருகைப் பதிவேடு. 40 பேர், 280 நாட்கள். வராத நாள் கறுப்பு மசியில். காரணம் அதன் மேலே சிவப்பில். ஒருவரைத் தேள் கொட்டியது. ஒருவருக்குக் கண்வலி. வீட்டில் பியர் காய்ச்ச வேண்டும் என்று நின்றவரும் உண்டு. 3,200 ஆண்டுக்கு முந்தைய மனிதர்களை இவ்வளவு நெருக்கத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில் கூலி வரவில்லை. 18 நாள் கடந்துவிட்டது, பசிக்கிறது என்று சொல்லித் தொழிலாளர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு, காவல் சுவர்களைக் கடந்து, மூன்றாம் துட்மோஸின் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். 18 நாள் என்றால் வீட்டுக்குச் சுமார் 250 லிட்டர் தானியம் பாக்கி. தானியம் மட்டுமல்ல, துணி, எண்ணெய், மீன், காய்கறியும் இல்லை என்று முறையிட்டார்கள். அடுத்த நாட்களிலும் கலையவில்லை. கடைசியில் முந்தைய மாதத்துப் படியை அளந்து கொடுத்தார்கள்.

எழுத்தில் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தம் இதுதான். அதை எழுதிவைத்த பாப்பிரஸ் இன்று இத்தாலியின் டுரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.