மங்கிய திரை, தாங்கிய பேட்டரி

கையடக்க வீடியோ கேம் கருவி ஒன்று புதிதாகக் கடைக்கு வந்தால், முதலில் கண் போவது அதன் திரை மீதுதான். அந்த முதல் பார்வையில் சறுக்கியும் சந்தையையே வளைத்துப்போட்ட கருவி ஒன்று உண்டு.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1989 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட கேம் பாய்தான் அது. வண்ணம் கிடையாது, பாசி நிறத் திரையில் நான்கே சாயல்கள். உள்ளே விளக்கும் இல்லை. வெளிச்சத்துக்குத் தோதாகச் சாய்த்துப் பிடித்துத்தான் விளையாட வேண்டும். அதே ஆண்டு வந்த அட்டாரி லிங்க்ஸிலும், அடுத்த ஆண்டு வந்த செகா கேம் கியரிலும் வண்ணத் திரை பளிச்சிட்டது. ஆனால், ஆறு பேட்டரி போட்டாலும் அவை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நான்கு போதும். பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

இதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். நன்கு பழகிய, மலிவான தொழில்நுட்பத்தைப் புதுவிதமாகப் பயன்படுத்துவதே அவர் கொள்கை. விளைவு? கேம் பாயும் பின்னர் வந்த அதன் வண்ணத் திரை வகையும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன. புதுக் கருவி வாங்கப் போகிறவர்கள், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்!