இறக்கத்துக்கும் ஒரு கியர் உண்டு

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேற்பிரிவிலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் பாதையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். ஒரு பக்கம் தேயிலை மலை. மறுபக்கம் கான், அதற்குக் கீழே பள்ளம். தார் போட்டதும் உண்டு, போட்ட தார் மழையோடு போனதும் உண்டு. கொழுந்து லொறி போன பின் சக்கரத் தடத்தில் சேறும் இலையும் கலந்து சவர்க்காரம் போட்டது போலக் கிடக்கும்.

கடந்த வருடம் ஒரு மழை நாளில் இந்தப் பாதையில் 22 வயதுப் பெண்ணொருத்தி பழைய மொபெட் ஒன்றில் இறங்கி வந்தாள். காலடியில் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு மூட்டை பாடசாலைச் சீருடை. மூன்றாவது வளைவில் ஏதோ கருகிய மணம் வந்திருக்கிறது. நான்காவது வளைவில் பிரேக்கைப் பிடித்தால் கைப்பிடி முழுதாக உள்ளே வருகிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை. பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைப் பக்கம் திருப்பித் தேயிலைச் செடிக்குள் விட்டுவிட்டாள். முழங்காலிலும் முழங்கையிலும் தோல் போனதோடு தப்பினாள். அடுத்த கிழமை இதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்த கை நடுங்கியது.

அவளுடைய பெயர் இங்கே வேண்டாம். 1977 வன்செயலில் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் ஒன்றின் பேத்தி அவள். தகப்பன் 2009 இல் இல்லாமல் போனார். முகாமிலிருந்து வெளியே வந்த தாய், இரண்டு பிள்ளைகளோடு, தன் அண்ணன் இருந்த இந்தத் தோட்டத்துக்கே திரும்பி வந்து லயக் காம்பராவில் ஒண்டிக்கொண்டார். ஓடிப்போன இடத்திலிருந்து ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்த கதை. நம் வாசகியர் பலருக்கு இது புதிதல்ல.

தாய் கொழுந்து எடுக்கிறார். மகள், அயல் பிரிவுகளில் தைக்கத் தெரிந்த ஏழெட்டுப் பெண்களிடம் சீருடை தைப்பித்து வாங்கி ஹட்டனில் கடைகளுக்குக் கொடுக்கிறாள். அந்தப் பெண்களிலும் இரண்டு பேர் யுத்தத்தில் கணவனை இழந்து வந்தவர்கள். முச்சக்கர வண்டி பிடித்தால் போய்வரும் கூலியிலேயே ஒரு நாட்சம்பளத்தின் பெரும்பகுதி போய்விடும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் 1,350 ரூபா என்று வந்த நாட்சம்பளத்தைத்தான் சொல்கிறேன். ஆகவே வண்டி நின்றால் இவள் வீடு மட்டுமல்ல, இன்னும் ஏழெட்டு வீடு நிற்கும்.

மொபெட்டைத் திருத்தக் கொண்டுபோன இடத்தில் மெக்கானிக் பார்த்துவிட்டு, "பிரேக்கில பிழையில்ல தங்கச்சி, சூடேறிப் போச்சு" என்றாராம். இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

மொபெட்டிலும் ஸ்கூட்டரிலும் கிளச் தானாக இயங்குகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அது சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அக்சிலேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் தானாகவே விட்டுவிடும். சமதரையில் இது பெரிய வசதி. செங்குத்தான இறக்கத்தில் மெதுவாகப் போக வேண்டுமென்று நாம் நினைக்கும் அந்த நேரத்திலேயே எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிடுகிறது. அதன் பிறகு வண்டியைப் பிடித்து வைத்திருப்பது பிரேக் மட்டுந்தான். மூட்டையோடு சேர்த்து அந்தப் பாரத்தைச் சின்னஞ்சிறு பிரேக் கட்டை உரசி உரசித் தாங்க வேண்டும். உரச உரசச் சூடு. சூடு ஏறினால் பிடிப்புப் போய்விடும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

கியர் வண்டியில் கிளச்சை நம் கை பிடிக்கும் வரைக்கும் எஞ்சின் சக்கரத்தை விடாது. முதலாம் அல்லது இரண்டாம் கியரில் போட்டு அக்சிலேட்டரை விட்டால், எஞ்சினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்கு என்று மலைநாட்டு லொறிச் சாரதிகள் சொல்வது இதனால்தான்.

பெரிய வண்டிகளுக்கும் இறக்கம் இரக்கம் காட்டுவதில்லை. 2023 ஜனவரி 20 இல் நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் மாணவர்கள் வந்த சுற்றுலா பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 க்கும் மேற்பட்டோர் போனார்கள். இங்கே வீதி என்பது பாதி வானத்தில் தொங்குகிற ஒன்று.

மாமா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனபோது விட்டுப்போன ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர் ஒன்று வீட்டுப் பின்புறத்தில் படங்கு மூடிக் கிடந்தது. அதை ஓட்டப் போகிறேன் என்று மகள் சொன்னதும் தாய் போட்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்டதாம்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி அந்த வண்டி? சின்ன வண்டியிலயே விழுந்து எந்திரிச்சு வந்திருக்க. ஒனக்கும் ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

கடைசி வசனத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அந்த வீட்டில் ஏற்கனவே ஒருவர் திரும்பி வராதவர்.

தாயோடு நான் போய்ப் பேசினேன். நான் சொன்னது ஒன்றுதான்: "அவள் ஓடாமல் இருக்கப் போவதில்லை, ஓடத்தான் போகிறாள். எதில் இறங்கினால் உங்களுக்குப் பயம் குறைவு?" அவர் பதில் சொல்லவில்லை. படங்கை மட்டும் எடுத்து மடித்து வைத்தார்.

என் தலைமுறையினர் யாழ்ப்பாணத்தில் கியரைப் பழகிய விதம் வேறு. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள் சைக்கிள்தான் எங்கள் கால். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எத்தனை பெண்கள் பிள்ளையையும் மூட்டையையும் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு நடந்தார்கள்! மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினார்கள். புகை கண்ணைக் கரிக்கும். அப்போது எங்களுக்குக் கிடைத்த நல்ல வாத்தியார் ஹொண்டா சி 90. காலால் கியர் மாற்றலாம், கைக்குக் கிளச் இல்லை. 1958 இல் ஜப்பானில் வந்த சுப்பர் கப் குடும்பத்து வண்டி அது. சாப்பாட்டுத் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டுமென்று நினைத்துச் செய்தார்களாம். 2017 இல் அந்த வகையின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. மொபெட்டுக்கும் கியர் வண்டிக்கும் நடுவில் இப்படியொரு படி இருந்ததால் எங்களுக்குக் கஷ்டம் தெரியவில்லை. இன்றும் பழைய சி 90 எங்காவது கிடைத்தால் பழகுவதற்கு அதைவிட நல்லது இல்லை.

இவளுக்கு அந்தப் படி இல்லை. தோட்டத்து விளையாட்டு மைதானத்தில், ஞாயிறு காலை, பையன்கள் கிரிக்கெட்டுக்கு வருமுன் தொடங்கினோம்.

முதல் நாளே உண்மையான ஆபத்து எது என்று தெரிந்துவிட்டது. அது இடது கை. மொபெட்டில் இடது கையில் இருப்பது பின் பிரேக். கியர் வண்டியில் அதே இடத்தில் இருப்பது கிளச். வருடக்கணக்காகப் பயந்த நேரமெல்லாம் இடது கையை இறுக்கிப் பழகியவள், மைதானத்து ஓரம் கிட்ட வந்ததும் அப்படியே இறுக்கினாள். கிளச் விடுபட்டு, வண்டி நிற்பதற்குப் பதிலாகச் சுதந்திரமாக உருண்டது. சமதரையில் சிரிக்கலாம். மலையில் அதுவே உயிராபத்து.

"பிள்ளை, பயம் வந்தால் வலது பக்கம். வலது கால், வலது கை. இடது கையை மறந்துவிடுங்கோ" என்று தொண்டை வறளக் கத்தினேன்.

"மறக்கத்தான் மிஸ் பாக்குறேன், அதுதான் முந்திக்கிட்டு வருது" என்றாள்.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலே இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போய் "நில்" என்று சொல்ல, அவள் வலது காலால் பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும். இப்படி ஒரு காலை முழுக்கச் செய்தோம். பார்த்தவர்களுக்குப் பைத்தியம் போலத் தெரிந்திருக்கும். ஆனால் மொபெட்டிலிருந்து மாறுகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கியர் மாற்றுவது இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். கையின் பழைய பழக்கம் போக மாதம் எடுக்கும். அந்த மாதத்தில் இரண்டு வண்டியையும் மாறி மாறி ஓடக்கூடாது.

அடுத்து ஏற்றத்தில் நின்று புறப்படுவது. வலது கால் பிரேக்கில், இடது கால் தரையில். கிளச்சை மெதுவாக விட, ஓரிடத்தில் எஞ்சினின் சத்தம் தாழ்ந்து வண்டி முன்னுக்கு முட்டும். அந்த இடத்தில் கையை நிறுத்தி, சற்று முறுக்கி, அதன் பிறகுதான் பிரேக்கை விட வேண்டும். எத்தனையோ தடவை நின்றுவிட்டது. நின்றால் என்ன, திரும்ப உதைக்கலாம்.

இறக்கத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ஸ்பிளெண்டரில் நான்கு கியரும் முன்காலால் அழுத்திக் கூட்டுவது, குதிகாலால் அழுத்திக் குறைப்பது. முதலாம் கியருக்கு வந்த பிறகும் குதிகாலை அழுத்தினால் நியூட்ரலுக்குப் போய்விடும். எஞ்சினின் பிடி போய்விடும். ஆகவே இறங்கத் தொடங்குமுன் மேலே வைத்தே கியரைக் குறைத்துவிட்டு, பாதி வழியில் காலால் விளையாடாமல் இருப்பது நல்லது. வேறு வகை வண்டிகளில் முதலாம் கியர் கீழேயும் மற்றவை மேலேயும் இருக்கும். எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இளைஞர்கள் பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, சிலர் எஞ்சினையும் நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன். 2022 இல் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கொடுத்த காலத்தில் இந்தப் பழக்கம் கூடிப்போனது. மிச்சமாவது சிறங்கை அளவு பெற்றோல். பணயம் எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

வண்டியின் நிறை சுமார் 110 கிலோ. விழுந்தால் எப்படித் தூக்குவது என்பதுதான் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி. முன்னால் குனிந்து தூக்கினால் நாரி பிடிக்கும். எஞ்சினை நிறுத்தி, வண்டிக்கு முதுகு காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்து, காலால் உந்திப் பின்னோக்கிச் சிறு அடிகளாக எழும்ப வேண்டும். கொழுந்துக் கூடை சுமந்த கால்களுக்கு இது பெரிய வேலையல்ல. தாய் ஒரே முயற்சியில் தூக்கிக் காட்டினார்! அன்றுதான் அவர் முதன்முதலாக மைதானத்துக்கு வந்திருந்தார்.

உடுப்பு விஷயத்தில் ஒரு சொல். சுரிதார் சோல் செயினில் சிக்கும், கழுத்தை இழுக்கும். ஒன்றில் முடிந்து கட்டுங்கள், இல்லாவிட்டால் பைக்குள் வையுங்கள். சைலன்சர் பட்ட கெண்டைக்கால் தழும்பு ஆறினாலும் மறையாது.

லைசன்ஸ் எடுக்க வேண்டியவர்களுக்கு: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 100 சிசி வரையிலான வண்டிகள் ஏ1, அதற்கு மேல் ஏ. ஸ்பிளெண்டர் 97 சிசி என்பதால் ஏ1 போதும். மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பயிலுநர் அனுமதி, பிரயோகப் பரீட்சை என்பது ஒழுங்கு. எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். கியர் வண்டிக்கென்று முதலிலேயே சொல்லி விண்ணப்பியுங்கள். எல்லாவற்றுக்கும் முன் அடையாள அட்டை வேண்டும். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இவளுக்கு மூன்று பரீட்சையை விட அதற்குத்தான் நாள் போனது.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில், 1991 இல், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கினார்கள். கிண்டல் செய்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓடினார்கள். அதே தமிழ்நாட்டில் 2018 இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு மானியத்தில் வண்டி கொடுத்தபோது, பாதி விலை அல்லது 25,000 இந்திய ரூபா வரை கொடுத்தார்கள். ஆனால் கியர் இல்லாத, அல்லது தானாகக் கியர் மாறுகிற வண்டிக்கு மட்டுந்தான். நல்ல திட்டம். இருந்தாலும், பெண் என்றால் கியர் வேண்டாம் என்று யார் முடிவு செய்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. 1934 டிசம்பரில் தெரேசா வாலக், புளோரன்ஸ் பிளென்கிரன் என்ற இரு பெண்கள் லண்டனில் புறப்பட்டு, சகாரா பாலைவனத்தையும் கடந்து, அடுத்த வருடம் ஜூலையில் கேப்டவுன் போய்ச் சேர்ந்தது 600 சிசி கியர் வண்டியில், அதுவும் பக்கப்பெட்டியும் இழுவைப் பெட்டியும் பூட்டிக்கொண்டு.

இவள் இப்போது கிழமைக்கு மூன்று தடவை ஹட்டனுக்கு இறங்குகிறாள். சந்தியில் நிற்கும் பையன்கள் முதல் மாதம் விசிலடித்தார்கள். பிறகு ஒருவன் செயின் தளர்ந்திருக்கிறது அக்கா என்று சொல்லி இறுக்கிக் கொடுத்தானாம். மழை கொட்டினால் அவள் போவதில்லை. கடைக்காரருக்குப் போன் எடுத்து நாளைக்கு என்று சொல்லிவிடுகிறாள்.

போன மாதம் தாயும் பின்னால் ஏறிச் சந்தைக்குப் போனார். இரண்டு பேரும் ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம். கொண்டை அதற்குள் அடங்கவில்லை என்பதுதான் அம்மாவின் இப்போதைய முறைப்பாடு.