கேமராவில் சிக்கியவரும் சிக்காதவர்களும்

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, கலசப்பாக்கத்தைத் தாண்டி, திருவண்ணாமலை மாவட்டத்தைக் குறுக்கே வகுந்துகொண்டு போய்ப் பாலாற்றில் கலக்கிறது. மாவட்டத்தின் அந்தக் கோடியில், காஞ்சிபுரத்தை ஒட்டினாற்போல், திருப்பணமூர் என்று ஒரு ஊர். தமிழ்ச் சமணர்களின் ஊர். கொல்லாமையைக் கொண்டாடும் அந்த மண்ணிலிருந்து ஒரு குடும்பம் தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறையாக விமானப் படைக்குப் போயிருக்கிறது. பழைய வட ஆற்காட்டில் இது பெரிய அதிசயமில்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்றாலே வழி சொல்லிவிடுவார்கள்.

பிள்ளையின் பெயர் அபிநந்தன். 2019 பிப்ரவரி 27, காலை. முந்தைய நாள்தான் பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்திய விமானங்கள் குண்டு போட்டிருந்தன. பதிலுக்கு வந்த பாகிஸ்தான் விமானங்களை எதிர்த்து மிக்-21 பைசனில் கிளம்பிய விங் கமாண்டர் அபிநந்தன், சுடப்பட்டுப் பாராசூட்டில் இறங்கினார். அவர் எஃப்-16 ஒன்றை வீழ்த்தினார் என்கிறது இந்தியா. இல்லை என்கிறது பாகிஸ்தான். அந்த வழக்கு இங்கே வேண்டாம்.

இறங்கிய இடம் ஹோரான் என்கிற கிராமம், எல்லைக் கோட்டுக்கு அப்பால் ஏழு கிலோமீட்டர். இது இந்தியாவா பாகிஸ்தானா என்று அங்கிருந்த பையன்களிடம் கேட்டதாகவும், ஒருவன் வேண்டுமென்றே இந்தியா என்றதாகவும் ஊர்க்காரர்கள் பிறகு சொன்னார்கள். விஷயம் புரிந்ததும் வானத்தை நோக்கிச் சுட்டபடி பின்வாங்கி ஓடியிருக்கிறார். ஒரு குட்டையில் குதித்து, கையிலிருந்த காகிதங்களில் சிலவற்றை வாயில் போட்டு விழுங்கவும், மற்றவற்றைத் தண்ணீரில் ஊறவைக்கவும் பார்த்திருக்கிறார். கூட்டம் பிடித்து அடித்தது. பாகிஸ்தான் ராணுவத்தினர் வந்துதான் மீட்டார்கள். பிடித்துப் போனார்கள் என்றும் சொல்லலாம், இரண்டும் உண்மை.

அடுத்து நடந்ததை நாடே செல்போனில் பார்த்தது. கண்ணைக் கட்டிய நிலையில், முகத்தில் ரத்தத்தோடு ஒரு வீடியோ. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று: கையில் டீ கோப்பை, எதிரே ஒரு மேஜர். எந்த ஊர் என்றால், தெற்குப் பக்கம் என்கிறார். என்ன விமானம் ஓட்டினீர்கள் என்றால், மன்னிக்கணும், அதைச் சொல்லக் கூடாது. என்ன வேலையாக வந்தீர்கள் என்றால் அதற்கும் அதே பதில். டீயைப் பாராட்டியதை மீம் போட்டுத் தீர்த்தார்கள். மீசையை சலூன்கள் காப்பியடித்தன. என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது அந்த மறுப்புகளைத்தான். 1949-ன் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தப்படி, போர்க்கைதி தன் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் இவற்றைச் சொன்னால் போதும். மற்றதை வற்புறுத்திக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. அடிபட்டு, உயிர் யார் கையில் என்று தெரியாமல் நிற்கிற மனிதருக்குச் சட்டம் நினைவிருந்தது.

அதே ஒப்பந்தத்தின் 13-வது பிரிவு, கைதியை ஊரார் வேடிக்கை பார்க்கும்படி விடக் கூடாது என்கிறது. ஆக, அந்த வீடியோவை வெளியிட்டதே சட்டமீறல். இந்தியா கண்டித்தது, நியாயம்தான். ஆனால் அவருக்குக் காவலாக நின்றதும் அந்த வீடியோதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உயிரோடு, இன்ன சீருடையில், இன்னார் கையில் இருக்கிறார் என்பதை உலகம் பார்த்தாகிவிட்டது. இப்படி ஒருவர் எங்களிடம் இல்லவே இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. 28-ஆம் தேதி பாகிஸ்தான் நாடாளுமன்றத்தில் விடுதலையை அறிவித்தார் அன்றைய பிரதமர் இம்ரான் கான். மார்ச் 1 இரவு ஒன்பது மணிக்கு மேல் வாகா வழியே அபிநந்தன் நடந்து வந்தார்.

அவருடைய அப்பா, ஓய்வுபெற்ற ஏர் மார்ஷல் வர்த்தமான், 2017-ல் வந்த மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை' படத்துக்கு ஆலோசனை சொன்னவர். பாகிஸ்தானில் சிறைப்பட்ட இந்திய விமானியின் கதை அது. இரண்டே வருஷத்தில் அது சொந்த வீட்டுக் கதையாகும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

கேமரா இல்லாத காலத்துக் கைதிகளின் கதை வேறு. 1971 போரில் பிடிபட்ட பருல்கர், கிரேவால், சின்ஹ்ஜி என்ற மூன்று விமானிகள் 1972 ஆகஸ்டில் ராவல்பிண்டி முகாமின் சுவரைத் துளைத்துத் தப்பினார்கள். ஆப்கான் எல்லைக்குப் பக்கத்தில், லண்டி கோட்டல் வரை போய் மாட்டிக்கொண்டார்கள். அந்த டிசம்பரில் மற்றக் கைதிகளோடு ஊர் திரும்பினார்கள்.

திரும்பாதவர்களும் உண்டு. அதே போரில் காணாமல் போனவர் ஃப்ளைட் லெப்டினன்ட் தாம்பே. பிடிபட்ட விமானிகளில் ஒருவராக அவர் பெயர் அன்றைய பாகிஸ்தான் பத்திரிகை ஒன்றில், எழுத்து சற்றே மாறி, அச்சானது. அவ்வளவுதான் ஆதாரம். பாட்மின்டன் வீராங்கனையான அவர் மனைவி தமயந்தி, அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் கதவு கதவாகத் தட்டினார். 1983-லும் 2007-லும் காணாமல் போனவர்களின் குடும்பத்தினர் சிலர் பாகிஸ்தான் சிறைகளுக்கே போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அபிநந்தன் வந்து நாலு மாதம் கழித்து, 2019 ஜூலையில், மத்திய அரசு நாடாளுமன்றத்தில் ஒரு பதில் சொன்னது. பாகிஸ்தான் பிடியில் இருப்பதாக நம்பப்படும் இந்தியப் படையினர் 83 பேர். அவர்களில் 54 பேர் போர்க்கைதிகள். அப்படி யாரும் எங்களிடம் இல்லை என்கிறது பாகிஸ்தான்.