'சைக்ளோன்': ஒரு சொல்லும் ஓர் எச்சரிக்கையும்

புயலைக் குறிக்கும் 'சைக்ளோன்' என்னும் ஆங்கிலச் சொல்லை ஆக்கியவர் கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன் ஆவார். கப்பல் தலைவராக இருந்து, பின்னர் கடல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்தின் தலைவரான இவர், வங்கக் கடற்புயல்களைப் பற்றிய கப்பற் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார். 1848-இல் வெளிவந்த மாலுமிகளுக்கான தமது கையேட்டில் இச்சொல்லை அறிமுகப்படுத்தினார்.

வட்டத்தையும் பாம்பின் சுருளையும் உணர்த்தும் கிரேக்கச் சொல்லே இதற்கு அடிப்படை. அது வரை வழங்கிய சொற்கள் பெரும்பாலும் காற்றின் கடுமையையே கூறின. இச்சொல்லோ அதன் இயல்பைக் கூறியது. புயற்காற்று நேர்க்கோட்டில் வீசுவதில்லை. ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இச்சுழற்சி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அமையும். எனவே, காற்றுக்கு முதுகு காட்டி நிற்பவருக்குப் புயலின் மையம் இடப்புறம் இருக்கும். இதனை அறிந்த மாலுமி, மையத்தை விட்டு விலகிக் கப்பலைச் செலுத்த இயலும்.

ஆயினும், அறிவு மட்டும் போதுவதில்லை. மாட்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, புயலால் பொங்கும் கடல்நீர் அதனை மூழ்கடிக்கக்கூடும் என 1853-இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்குப் பிடிங்டன் எழுதினார். அவ்வெச்சரிக்கை ஏற்கப்படவில்லை; கானிங் துறைமுகம் கட்டப்பட்டது. 1858-இல் பிடிங்டன் மறைந்தார். 1867 நவம்பரில் வீசிய புயல் துறைமுகத்தைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

இதற்கு முன்னரே, 1864-இல் கல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்டிருந்தது. இப்பேரழிவும், பின்னர்ப் பருவமழை பொய்த்ததால் நேர்ந்த பஞ்சமும் 1875-இல் இந்திய வானிலைத் துறை தோன்றக் காரணமாயின. இன்று அத்துறை, மணிக்கு 62 கிலோமீட்டரும் அதற்கு மேலும் காற்று வீசும் சுழலையே புயல் என வகைப்படுத்துகிறது.

ஒடிசாவில் 1999-ஆம் ஆண்டுப் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013-இல் 'பைலின்' புயல் நெருங்கியபோது, ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டனர். உயிரிழப்பு நூற்றுக்கும் குறைவாகவே இருந்தது. எச்சரிக்கை காலத்தே கிடைப்பது ஒரு பாதி. அதனை நிர்வாகம் செவிமடுத்துச் செயற்படுவது மறுபாதி. பிடிங்டன் தந்த சொல்லை உலகம் விரைவில் ஏற்றது. அவர் விடுத்த எச்சரிக்கையின் பொருளை உணரவே நெடுங்காலம் ஆயிற்று.