ஏற்றத்தின் எந்திர இலாபம்: முழுச் சுற்றின் கணக்கு

முன்னுரை

எளிய எந்திரம் ஒன்று வெல்லும் பளுவுக்கும் அதன்மீது செலுத்தப்படும் முயற்சிக்கும் இடையிலான விகிதமே எந்திர இலாபம் எனப்படும். இலங்கைப் பாடநூல்கள் இதனைப் பொறிமுறை நயம் என வழங்குகின்றன. முயற்சி நகரும் தொலைவைப் பளு நகரும் தொலைவால் வகுத்துப் பெறுவது திசைவேக விகிதம். முன்னதைப் பின்னதால் வகுக்கக் கிடைப்பது பயனுறுதிறன். அது 1-ஐ விஞ்சுதல் இயலாது. கிணற்றுநீர் இறைக்கப் பயன்பட்ட ஏற்றத்திற்கு இவ்வரையறைகளை அப்படியே பொருத்தினால் ஒரு முரண்பாடு தோன்றுகிறது. அதற்கான காரணத்தையும் தீர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முரண்பாடு

நட்ட தூணின்மேல் ஏறி இறங்கும் துலாமரம் முதல்வகை நெம்புகோலாகும். அதன் ஒரு முனையில் கோலும் சாலும் தொங்கும். மறுமுனையில் கல் முதலிய எதிர்ப்பளு கட்டப்பட்டிருக்கும். இறைப்பவர் கோலைப் பற்றிச் சாலை இறக்கி ஏற்றுகிறார்.

வெறும் சாலின் எடை 4 கிலோகிராம், அதில் நிறையும் நீர் 16 கிலோகிராம், ஆழம் 5 மீட்டர் எனக் கொள்வோம். எதிர்ப்பளு, சால் முனையில் 12 கிலோகிராமைச் சமன்செய்வதாக இருக்கட்டும். உராய்வைப் புறக்கணித்தால், 20 கிலோகிராம் நிறைசாலை ஏற்ற 8 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை போதும். எனவே எந்திர இலாபம் 2.5. கையும் சாலும் ஒரே தொலைவு நகர்வதால் திசைவேக விகிதம் 1. இதன்படி பயனுறுதிறன் 250 விழுக்காடு ஆகிறது. ஆற்றல் அழிவின்மை விதி இதனை ஏற்காது.

தீர்வு

கணக்கில் விடுபட்டது, சாலை இறக்கும் பாதிச் சுற்று. வெறும் சால் 4 கிலோகிராமே ஆதலால், 12 கிலோகிராமை எதிர்த்து அதனை இறக்க 8 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையால் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். இறக்குவதில் 392 ஜூல், ஏற்றுவதில் 392 ஜூல் என ஒரு சுற்றில் செய்யப்படும் வேலை 784 ஜூல். 16 கிலோகிராம் நீரை 5 மீட்டர் உயர்த்தத் தேவையான வேலையும் அதுவே. முழுச் சுற்றுக்குப் பயனுறுதிறன் சரியாக 1 ஆகிறது, முரண்பாடு நீங்குகிறது.

எதிர்ப்பளு வேலையைக் குறைப்பதில்லை. இறக்கும்போது செய்த வேலையை நிலையாற்றலாகச் சேமித்து, ஏற்றும்போது திருப்பித் தருகிறது. அது 20 கிலோகிராமைச் சமன்செய்யுமாறு கூட்டப்பட்டால், இறக்க 16 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை வேண்டும். ஏற்ற விசையே வேண்டா. அப்போதும் மொத்த வேலை 784 ஜூல்தான். எனினும் முழு உழைப்பும் கீழ்நோக்கிய இழுப்பாக மாறுகிறது. கீழ்நோக்கி இழுக்கையில் மனிதர் தம் உடல் எடையையே விசையாக்கலாம். மேல்நோக்கித் தூக்கும் உழைப்பு முதுகையும் தோளையும் வருத்தும். ஏற்றத்தின் உண்மையான பயன் இம்மாற்றத்தில் அடங்கியுள்ளது.

மிதியேற்றமும் கவலையும்

துலாமரத்தின்மேல் ஆள் முன்னும் பின்னும் நடந்து இறைக்கும் முறையில், அவரது உடலே நகரும் எதிர்ப்பளுவாகிறது. உயர்ந்திருக்கும் முனையை நோக்கிச் சாய்ந்த மரத்தில் அவர் ஏறுகையில் கால்தசைகள் செய்யும் வேலையே நீரை உயர்த்துகிறது. மாடு பூட்டிய கவலையில் நிலையான கப்பியின் எந்திர இலாபம் 1 மட்டுமே. அது விசையின் திசையை மாற்றுகிறது. மாடுகள் சரிவில் இறங்கும்போது அவற்றின் எடையின் ஒரு பகுதி இழுவைக்கு உதவுகிறது. அவ்வுதவிக்கு ஈடான வேலையை அவை மேட்டுக்குத் திரும்பும்போது செய்தாக வேண்டும். இம்மூன்றிலும் ஒருவழி இயக்கத்தை மட்டும் அளந்தால் கணக்குப் பிழைபடும்.

முடிவுரை

எந்திர இலாபம் என்பது விசைகளின் விகிதமேயன்றி ஆற்றலின் ஆதாயம் அன்று. ‘இலாபம்’ என்னும் சொல் இவ்வேறுபாட்டை மறைக்கக்கூடும். ஆற்றலைச் சேமிக்கும் உறுப்புடைய எந்திரங்களில், தொடங்கிய நிலைக்கே மீளும் முழுச் சுற்றைக் கொண்டே பயனுறுதிறனைக் கணிக்க வேண்டும். வகுப்பறையில் நெம்புகோலுக்கு எடுத்துக்காட்டாக ஏற்றத்தைக் கூறுவதோடு நில்லாமல், இக்கணக்கையும் செய்து காட்டினால், மாணவர் ஆற்றல் அழிவின்மையை எண்களின் வழியே உணர்வர்.